திதி சொல்லாத நாடு

எடமலைப்பட்டி புதூர் பஸ் ஸ்டாப்புக்கு எதிரே கட்டியிருந்த பிளெக்ஸ் பேனரை விஜயராணி காருக்குள் இருந்துதான் முதலில் பார்த்தாள். மடியில் மகனின் அஸ்தி இருந்தது. பேனரிலும் மகன்தான் இருந்தான். கோட்டு போட்டு, பனியில் நின்று, பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தான். மேலே கண்ணீர் அஞ்சலி என்று சிவப்பில் எழுதியிருந்தது. அதற்குக் கீழே, "வாழ்க்கைத் தரத்தில் உலகிலேயே முதலிடம் பெற்ற நாட்டில் பொறியாளராகப் பணியாற்றிய எங்கள் குடும்பத்தின் பெருமை த. சிவசங்கர், பி.இ." என்று இருந்தது. அந்த நாட்டின் பெயரும் இருந்தது, மகனின் பெயரைவிடப் பெரிய எழுத்தில். ஓரத்தில் வட்டத்துக்குள் மூக்குக்கண்ணாடியோடு மதுரைவீரன் கைகூப்பி நின்றான். செத்தவன் அவனுடைய அண்ணன் மகன். பேனர் அடித்தவன் அவன்.

நாட்டின் பெயர் இந்தக் கதையில் வராது. விஜயராணி அதை வாயால் சொல்வதை விட்டுவிட்டாள். அவள் சொல்லாத பெயருக்கு அவள் கதையில் வேலை இல்லை.

கார் ஸ்ரீரங்கத்தை நோக்கிப் போனது. முன் சீட்டில் மதுரைவீரன். பின்னால் விஜயராணி, அவள் கணவர் தமிழ்மணி, மகள் யமுனா. மதுரைவீரன் திரும்பி, "பேனர் பாத்தீங்களா அண்ணி?" என்று கேட்டான். வாயைத் திறந்தால் என்ன வரும் என்று விஜயராணிக்கே தெரியவில்லை. மடியில் இருந்ததை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

இந்த முதலிடம் என்கிற சங்கதியை அந்த வீட்டுக்குள் கொண்டு வந்தவனே மதுரைவீரன்தான். வையம்பட்டியில் உரக்கடை வைத்திருக்கிறான். சிவசங்கருக்கு அங்கே வேலை கிடைத்த அன்றே எங்கிருந்தோ ஒரு பட்டியலைத் தேடிப் பிடித்து வந்து எல்லாருக்கும் காட்டினான். சுத்தமான காற்று, இலவச ஆஸ்பத்திரி, லஞ்சம் கிடையாது, ராத்திரியில் பெண் தனியாக நடக்கலாம், குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்கலாம். வருஷா வருஷம் அந்தப் பட்டியல் வெளிவரும்போது தன் வயலில் விளைந்ததைப் போல அதைக் குடும்பக் குரூப்பில் போடுவான். உரம் வாங்க வருகிற சம்சாரிகள்கூட அந்த நாட்டின் பேருந்து நேரம் தவறாது என்பதைத் தெரிந்து வைத்திருந்தார்கள்.

சொல்லப்போனால் அந்த நாட்டின் மேல் சிவசங்கருக்கே ஒரு புகாரும் இருந்ததில்லை. படிப்பு முடித்து வேலையில்லாமல் வீட்டில் இருந்த காலத்தில் தெரு அவனைப் பிய்த்து எடுத்தது. இன்னும் கிடைக்கலையா, எங்க போற, ஏன் இளைச்சுட்ட, பொண்ணு பாக்கலையா என்று வாசலுக்கு வாசல் கேள்வி. அவன் பஸ் ஸ்டாப்புக்குப் பின்சந்து வழியாகத்தான் போவான். அங்கே போன பிறகு ஒருநாள் போனில், "அம்மா, இங்க யாரும் எதுவும் கேக்க மாட்டாங்கம்மா. எதிர் வீட்டுக்காரர் பேர்கூட எனக்குத் தெரியாது. அப்படியொரு நிம்மதி" என்றான். அவன் குரலில் இருந்த நிம்மதியைக் கேட்டு விஜயராணிக்கும் நிம்மதியாக இருந்தது. அப்போது அப்படித்தான் இருந்தது.

அந்த நிம்மதிதான் அவனைக் கொன்றது என்று இப்போது அவள் நினைத்தாள். டாக்டர்கள் இதயம் என்று எழுதியிருந்தார்கள். இதயமாகவே இருக்கட்டும். ஆனால் நின்றுபோன இதயத்தோடு ஒருவன் தன் வீட்டுத் தரையில் நாள் கணக்கில் கிடந்திருக்கிறான். கதவுக்கு வெளியே மாடிப்படியில் மனிதர்கள் ஏறி இறங்கிக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள். ஒருத்தருக்கும் கதவைத் தட்டத் தோன்றவில்லை. ஆபீஸில் அவன் லீவில் இருந்தான். லீவில் இருப்பவனை ஆபீஸிலிருந்து கூப்பிடக் கூடாதாம், அது அங்கே ஊழியரின் உரிமையாம். அந்த உரிமைக்கும் பட்டியலில் மார்க் உண்டு என்று மதுரைவீரன் போன வருஷம் சொல்லியிருந்தான்.

விஜயராணி அங்கன்வாடிப் பணியாளர். காலையில் பிள்ளைகளைத் தலையெண்ணிப் பார்ப்பாள். ஒன்று குறைந்தால் ஆயாவிடம் அடுப்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு அந்தப் பிள்ளையின் வீட்டு வாசலில் போய் நிற்பாள். காய்ச்சல் என்றால் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பாள். தூங்குகிறான் என்றால், எழுப்பி முகத்தைக் காட்டு என்பாள். தெருவில் சில பேர் இதற்காக அவளைத் திட்டுவதும் உண்டு. ஊரான் பிள்ளைக்கெல்லாம் இப்படி ஓடுகிறவள், ஞாயிறுதோறும் பேசுகிற தன் பிள்ளை ஒரு ஞாயிற்றுக்கிழமை போனை எடுக்காதபோது ஓடவில்லை. ஓட வேண்டும் என்றுதான் எழுந்தாள். "லீவுல எங்கயாவது சுத்திப் பாக்கப் போயிருப்பான் அண்ணி. அந்த நாட்டுல ஒருத்தனுக்கு என்ன ஆகப் போவுது?" என்றான் மதுரைவீரன். தமிழ்மணியும் அதையே சொன்னார். அவள் உட்கார்ந்துவிட்டாள்.

அடுத்த ஞாயிறும் அவன் எடுக்கவில்லை. அன்று யார் சொல்லையும் அவள் கேட்கவில்லை. யமுனாவை உட்கார வைத்து அவன் ஆபீஸுக்கு எழுதச் சொன்னாள், எழுதி முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றாள். அவர்கள் போலீஸுக்குச் சொல்ல, போலீஸ் போய்க் கதவைத் திறந்தது. கடல்களுக்கு இந்தப் பக்கம் இருந்துகொண்டு கடைசியில் கதவைத் தட்டியது அவள்தான்.

அதற்குப் பிறகு அந்த நாடு எல்லாவற்றையும் பிசகில்லாமல் செய்தது, அதை மறுக்க முடியாது. உடம்பு ஊருக்கு அனுப்பும் நிலையில் இல்லை என்று ஒரு பெண் அதிகாரி பக்குவமாகச் சொன்னாள். எரிப்பதற்கு முன் குடும்பத்தின் வழக்கம் என்ன என்று கேட்டாள். நெற்றியில் திருநீறு வைக்கச் சொன்னதற்கு, எங்கோ தேடி வாங்கி வைத்ததாகப் பதில் எழுதினாள். அஸ்தி சொன்ன தேதியில், சொன்ன விமானத்தில் திருச்சிக்கே வந்து சேர்ந்தது. கூடவே வந்த பெட்டிக்குள் அவன் கைக்கடிகாரம், மோதிரம், பாதி படித்த புத்தகம்கூடத் தனித்தனி உறையில் இருந்தன.

துக்கம் விசாரிக்க வந்தவர்கள் அந்த உறைகளைக் கையில் வாங்கி வாங்கிப் பார்த்தார்கள். "நம்ம ஊரா இருந்தா மோதிரம் வந்து சேருமா?" என்றார்கள். மண்ணச்சநல்லூர் அரிசி ஆலையில் தமிழ்மணியோடு வேலை பார்ப்பவர் ஒருவர், எத்தனை ஒழுங்கு பாருங்க என்று மூன்று தடவை சொன்னார். விஜயராணி சுவரில் சாய்ந்து உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். எழுந்து அத்தனை பேரையும் வெளியே தள்ளிக் கதவைச் சாத்த வேண்டும் போல அவளுக்கு இருந்தது. மோதிரம் வந்துவிட்டதாம். விரல் எங்கே என்று ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

அம்மா மண்டபத்தில் கார் நின்றபோது வெயில் ஏறியிருந்தது. காவிரியில் படியோரமாகக் கொஞ்சம் தண்ணீர், அதற்கு அப்பால் மணல். யாரோ விட்டுப்போன பழைய துணிகள் படியில் ஒட்டிக் கிடந்தன. பூ விற்கிற பெண் ஒருத்தி கூடவே நடந்து வந்து, யாருக்கு, என்ன வயசு, எப்படிப் போச்சு என்று ஒரே மூச்சில் கேட்டாள். கல்யாணம் ஆகவில்லை என்று தெரிந்ததும் வாயில் கை வைத்துக்கொண்டு அங்கேயே நின்றுவிட்டாள். மதுரைவீரன் அவளை விரட்டிவிட்டு, "அங்கெல்லாம் இப்படித் தொந்தரவு பண்ண மாட்டாங்க" என்றான். விஜயராணி திரும்பி அவனைப் பார்த்த பார்வையில் அவன் கொஞ்சம் பின்தங்கி நடக்க ஆரம்பித்தான்.

ஐயர் வயதானவர், நிதானமானவர். தமிழ்மணியைக் குளித்துவிட்டு வரச் சொன்னார். ஈர வேட்டியோடு அவர் வந்து உட்கார்ந்ததும் இலையில் எள்ளும் அரிசி மாவும் வைத்து, பெயர், கோத்திரம், நட்சத்திரம் எல்லாம் கேட்டுக்கொண்டார். பிறகு, "திதி என்ன?" என்றார்.

ஐயர் தமிழ்மணியின் முகத்தைப் பார்த்தார். தமிழ்மணி யமுனாவைப் பார்த்தார். யமுனாதான் சொன்னாள், சர்டிபிகேட்டில் ஒரு தேதி போடவில்லை, இந்தத் தேதிக்கும் இந்தத் தேதிக்கும் நடுவில் என்றுதான் போட்டிருக்கிறது என்று. அவன் லீவு தொடங்கிய நாள் ஒன்று, கதவைத் திறந்த நாள் ஒன்று. எந்த நாள் என்று அவள் அந்த அதிகாரியிடம் கேட்டிருக்கிறாள். சந்தேகச் சாவு இல்லை என்பதால் அதற்கு மேல் ஆராய்வது வழக்கமில்லை என்று பதில் வந்தது. கட்டடத்தின் வாசல் பூட்டில் யார் எப்போது வந்து போனார்கள் என்று பதிவாகும் என்று அண்ணன் சொல்லியிருக்கிறானே, அதைப் பார்த்துச் சொல்ல முடியுமா என்றும் கேட்டாள். அது அவருடைய தனிப்பட்ட விவரம், பெற்றோருக்கும் தர முடியாது என்று, மிகுந்த வருத்தத்தோடு எழுதியிருந்தார்கள்.

மதுரைவீரனால் சும்மா இருக்க முடியவில்லை. "அதுவும் ஒரு நேர்மைதான் சாமி. தெரியாததைத் தெரியாதுன்னு எழுதறான். நம்ம ஆளுங்கன்னா வாய்க்கு வந்த தேதியப் போட்டுத் தள்ளியிருப்பான்" என்றான்.

ஐயர் அதைக் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. "பரவாயில்லம்மா. இதுக்கும் சாஸ்திரத்துல வழி இருக்கு. திதி தெரியாதவாளுக்கு அமாவாசையை வச்சுக்கறது உண்டு. இல்லேன்னா சேதி வந்து சேர்ந்த நாளை வச்சுக்கலாம். தேசாந்திரம் போய்க் காணாமப் போனவா, யுத்தத்துல போனவா, வெள்ளத்துல போனவா, இவாளுக்கெல்லாம் அப்படித்தான் பண்றது" என்றார்.

விஜயராணி அதுவரை படியில் ஒதுங்கி உட்கார்ந்திருந்தாள். இப்போது எழுந்து வந்தாள்.

"என் புள்ள காணாமப் போகல சாமி," என்றாள். "யுத்தத்துக்கும் போகல. வாடகை கட்டி, கதவுல பேர் எழுதி, ஒரு வீட்டுல இருந்தான். அந்த வீட்டுலயேதான் கெடந்தான். அவனுக்கு எதுக்கு அநாதைக்குச் செய்யற மாதிரி அமாவாசை?"

ஐயர் அவளை உட்காரச் சொன்னார். அவள் உட்காரவில்லை. நின்றபடியே பேசினாள். அந்த நாட்டில் எத்தனை மணிக்கு பஸ் வரும் என்று வையம்பட்டியில் உரம் வாங்குகிறவனுக்குத் தெரிகிறது. குழாய்த் தண்ணீரில் என்ன கலந்திருக்கிறது என்று தெரிகிறது. பெற்று வளர்த்தவளுக்கு, பிள்ளை எந்த நாளில் செத்தான் என்று மட்டும் தெரியக் கூடாதா? இங்கே தெருநாய் செத்தால்கூட காலையிலே செத்ததா ராத்திரியே செத்ததா என்று பத்து பேர் நின்று பேசுவார்கள். இதையெல்லாம் அவள் கத்திச் சொல்லவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள். பக்கத்துப் படிகளில் காரியம் செய்துகொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"அண்ணி, அதுக்கு அந்த நாட்ட என்ன பண்றது? உலகமே ஆராய்ச்சி பண்ணிக் குடுத்த இடம் அது," என்றான் மதுரைவீரன்.

"யாரைக் கேட்டுக் குடுத்தாங்க தம்பி? என் புள்ளையக் கேட்டாங்களா? தரையில கெடந்தானே, அவன்கிட்ட எத்தனை மார்க்குன்னு கேட்டாங்களா?" என்றாள். "இன்னொரு தடவை முதலிடம்னு உங்க வாயில வந்துச்சு, அந்த பேனரோட சேத்து உங்களையும் இந்த ஆத்துல விட்டுருவேன்."

தமிழ்மணி தலையைக் குனிந்தபடி எள்ளை விரலால் ஒதுக்கிக்கொண்டிருந்தார். ஐயர் பஞ்சாங்கத்தை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். அவருக்கு அவசரம் இல்லை.

முதலிடம் என்று தன் வாயாலேயே சொன்ன பிறகுதான் விஜயராணிக்கு அது நினைவுக்கு வந்தது. சொல் வெளியே போய்விட்டது, பின்னாலேயே அந்த நாள் வந்து நின்றது. பக்கத்தில் இருந்த தூணைப் பிடித்துக்கொண்டாள்.

"தம்பி, இந்த வருஷம் அந்தப் பட்டியலை என்னிக்கு குரூப்புல போட்டீங்க?"

மதுரைவீரன் கை சட்டைப் பையில் இருந்த போனைத் தொட்டது.

குடும்பக் குரூப்பில் மதுரைவீரன் எதைப் போட்டாலும் சிவசங்கர் சும்மா விட மாட்டான். வெந்நீரில் எலுமிச்சை என்று போட்டால், "சித்தப்பா, இதைப் போன மாசமே குடிச்சாச்சு" என்பான். பழைய செய்தியைப் போட்டால், "சித்தப்பா பழைய பேப்பர் கடைக்குப் போய்ட்டு வந்திருக்காரு" என்பான். அந்த நாட்டில் எந்த ஜாமமாக இருந்தாலும் கண் விழித்ததும் முதல் வேலை அதுதான். அந்தக் கிண்டலுக்காகவே மதுரைவீரன் காலையில் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான் என்று அவன் பெண்டாட்டி சொல்லுவாள். சேதி வந்த நாளுக்குப் பிறகு அந்தக் குரூப்பை யாரும் திறக்கவில்லை. திறக்க ஒருத்தருக்கும் தைரியம் இல்லை.

"முந்தின நாள் ராத்திரி ரசம் வச்சு போட்டோ போட்டிருந்தான்," என்றாள் விஜயராணி. "தக்காளி ஜாஸ்தியா இருக்குடான்னு நான் சொன்னேன். மறுநாள் காலையில நீங்க பட்டியலைப் போட்டீங்க. அதுக்கு அவன் ஒண்ணுமே சொல்லல. பட்டியலுக்கு அவன் கிண்டல் பண்ணாம இருந்தது உண்டா? எந்த வருஷமாவது உண்டா?"

மதுரைவீரன் படியில் உட்கார்ந்துவிட்டான். மூக்குக்கண்ணாடியைக் கழற்றினான். பேனரில் அத்தனை மிடுக்காக நின்ற முகம் இப்போது வேறு யாருடையதோ போல இருந்தது.

"எனக்குத் தெரியும் அண்ணி," என்றான். "சேதி வந்த அன்னிக்கே தெரியும். அன்னிக்குச் சாயங்காலம் வரைக்கும் போனைப் பாத்துக்கிட்டே இருந்தேன். இவன் இன்னும் ஒண்ணும் சொல்லலியேன்னு நெனச்சேன். போன் போடலாம்னுகூட எடுத்தேன். லீவுல இருக்கான், சந்தோஷமா இருக்கட்டும்னு வச்சுட்டேன்."

அவனை அடித்துவிடலாம் என்று அவள் ஒரு கணம் நினைத்தாள். அடித்திருந்தால் அவன் வாங்கிக்கொண்டிருப்பான். அந்தப் பேனரை அவன் யாருக்காகக் கட்டினான் என்று அவளுக்கு இப்போது புரிந்தது. அது முதலிடமாகவே இருந்தாக வேண்டும் அவனுக்கு. இல்லையென்றால் அந்தச் சாயங்காலம் கையில் எடுத்த போனை அவன் எங்கே கொண்டு போய் வைப்பான்? புரிந்ததால் அவள் கோபம் குறைந்துவிடவில்லை.

"போனை எடுங்க. என்ன தேதின்னு பாருங்க."

அவன் எடுத்தான். விரல் ஈரமாக இருந்ததால் இரண்டு மூன்று முறை தேய்க்க வேண்டியிருந்தது. தேதியைச் சொன்னான். ஐயர் பஞ்சாங்கத்தைப் புரட்டி, விரலால் கீழே வரை தடவிக்கொண்டே போய் நிறுத்தினார்.

"பங்குனி. கிருஷ்ண பக்ஷம், நவமி," என்றார். "அன்னிக்குன்னு நிச்சயமாம்மா?"

விஜயராணி மதுரைவீரன் பக்கம் திரும்பினாள். அன்றைக்கு யார் யார் என்ன போட்டார்கள் என்று படிக்கச் சொன்னாள். வேண்டாம் அண்ணி என்றான். யமுனாவும் வேண்டாம்மா என்று அவள் கையைப் பிடித்தாள். அவள் கையை உதறிவிட்டாள். என் பிள்ளை செத்துக் கிடந்த நாளில் இந்தக் குடும்பம் என்ன பேசிக்கொண்டிருந்தது என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும் என்றாள்.

மதுரைவீரன் படித்தான். வையம்பட்டி மாமா கைதட்டல் போட்டிருந்தார். சித்தி பூங்கொத்து. யமுனா, "அண்ணன் ஊர் மறுபடி பர்ஸ்ட்." தமிழ்மணி ஒரு கும்பிடு. திண்டுக்கல் மச்சான், என் மகனுக்கும் அங்கே ஒரு வேலை பார்க்கச் சொல்லுங்க என்று கேட்டிருந்தார். அதற்கும் இரண்டு பேர் கைதட்டியிருந்தார்கள். அந்த இடத்தில் மதுரைவீரன் நிறுத்தினான்.

"அவ்வளவுதானா?"

"இன்னும் ஒண்ணு இருக்கு அண்ணி."

"யாரு?"

"நீங்க."

அவளுக்கு ஞாபகம் இல்லை. காலையில் அங்கன்வாடிக்குக் கிளம்புகிற அவசரத்தில் போட்டிருப்பாள். பிள்ளைகளை எண்ணப் போகிற நேரம்.

"படிங்க," என்றாள்.

"இனிமே என் புள்ளையப் பத்தி எனக்குக் கவலையே இல்லை," என்று மதுரைவீரன் படித்தான்.

விஜயராணி குனிந்து, படியில் வைத்திருந்த அஸ்தியை எடுத்தாள். தமிழ்மணியின் கையில் கொடுத்தாள். ஐயரைப் பார்த்துத் தெளிவாகச் சொன்னாள்.

"நவமின்னே சொல்லுங்க சாமி. நிச்சயம்தான்."